இருமல் மருந்து பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்: சிங்கப்பூரில் இருமல் அடக்கி வாங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

“தங்கச்சி, இருமலுக்கு நல்ல மருந்தா ஒன்னு குடு.”

மருந்துக்கடை முகப்பில் மருந்தாளருக்கு உதவியாளராக நின்ற ஆண்டுகளில் இதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. “வறட்டு இருமலா, சளி இருமலா?” என்று திருப்பிக் கேட்டால் பாதிப் பேருக்கு முகம் சுருங்கிவிடும். இருமல் இருமல்தானே, இதில் வகை வேறா? இன்னும் சிலர் கைத்தொலைபேசியை எடுத்து, போன வருஷம் வாங்கிய பாட்டிலின் படத்தைக் காட்டுவார்கள். படத்தில் பெயரும் நிறமும் மட்டும்தான் இருக்கும். ஆனால் அதே பெயரில், அதே வடிவப் பாட்டிலில், மூன்று நான்கு விதமான மருந்துகள் அலமாரியில் நிற்கும். ஒன்று இருமலை அடக்கும். ஒன்று சளியை இளக்கும். இன்னொன்று தூங்க வைக்கும். எது எதுவென்பது பாட்டிலின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கும். அந்தப் பொடி எழுத்தைப் படிக்கச் சொல்வதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

நான் மருத்துவர் இல்லை. வீட்டில் ஒருவர் இருமத் தொடங்கியதிலிருந்து பாட்டிலைத் தூக்கிப் போடும் நாள்வரை என்னென்ன பார்க்க வேண்டும் என்று, முகப்பில் நின்று கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: இது அடக்க வேண்டிய இருமல்தானா?

நெஞ்சில் சளி கட்டியிருக்கும்போது அதை வெளியே தள்ளத்தான் உடம்பு இருமுகிறது. அந்த இருமலை அடக்கினால் சளி உள்ளேயே தங்கிப்போகும். வயதானவர்களுக்கும் நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும் இது நல்லதல்ல. ஆகவே அடக்கும் மருந்து வறட்டு இருமலுக்குத்தான். தொண்டையில் நமைச்சல், எதுவும் வெளியே வராது, பேசினால் வரும், எம்ஆர்டிக்குள் ஏறி ஏசி காற்று பட்டால் வரும், படுத்தால் பிடித்துக்கொள்ளும். அதுதான் வறட்டு இருமல். ஜலதோஷம் விட்ட பிறகும் இது இரண்டு மூன்று வாரம் நீடிப்பதுண்டு.

குழப்பமாக இருந்தால் காலையில் எழுந்ததும் ஒரு டிஷ்யூவில் துப்பிப் பாருங்கள். கெட்டியாகச் சளி வந்தால் அடக்கும் மருந்தைத் தேடாதீர்கள். நிறைய தண்ணீர் குடியுங்கள், வேண்டுமானால் சளியை இளக்கும் மருந்தைக் கேளுங்கள்.

அடுத்து நாள் கணக்கு. மூன்று வாரத்தைத் தாண்டிய இருமலுக்கு மருந்துக்கடை சரியான இடமல்ல, பலதுறை மருந்தகத்துக்கோ குடும்ப மருத்துவரிடமோ போக வேண்டும். காசநோய் சிங்கப்பூரில் இன்னமும் இருக்கிறது. மூன்று வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைவது என்றால் அதைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். மாதக்கணக்கில் சிரப் குடித்து அதை மூடி வைத்தால், ஒரே அறையில் தூங்கும் அத்தனை பேருக்கும் ஆபத்து. தங்குவிடுதியில் இருக்கும் தம்பிமார் இதைக் கொஞ்சம் கவனத்தில் வையுங்கள்.

பலருக்குத் தெரியாத காரணம் ஒன்று இருக்கிறது. உங்கள் ரத்த அழுத்த மாத்திரையின் பெயர் ‘பிரில்’ என்று முடிகிறதா? எனலாப்ரில், லிசினோப்ரில், பெரிண்டோப்ரில் வகையறா. இவை சிலருக்கு விடாத வறட்டு இருமலைக் கொண்டுவரும், அதுவும் மாத்திரை தொடங்கிப் பல வாரங்கள், மாதங்கள் கழித்துக்கூட. எங்கள் கடைக்கு மாதாமாதம் வந்து சிரப் வாங்கிப்போன ஒரு அங்கிளிடம் மருந்தாளர் ஒருநாள், “வேற என்ன மருந்து சாப்பிடுறீங்க?” என்று கேட்டார். பையிலிருந்து எனலாப்ரில் வந்தது. மருத்துவர் வேறு வகை மாத்திரைக்கு மாற்றிக் கொடுத்தார், சில வாரங்களில் இருமல் நின்றது. அரை வருஷமாக அவர் குடித்த சிரப்புக்கு எந்தப் பயனும் இல்லை. இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் சொல்லி மாற்றுங்கள்.

ஆஸ்துமா, நெஞ்செரிச்சல், மூக்கிலிருந்து தொண்டைக்குள் வழியும் சளி, சிகரெட், புகைமூட்டக் காலத்துக் காற்று எல்லாமே இருமலைக் கொண்டுவரும். அதற்கு அதற்கென்று வைத்தியம் உண்டு. ரத்தம் கலந்த சளி, மூச்சுவாங்கல், நெஞ்சுவலி, மூன்று நாளைத் தாண்டியும் இறங்காத காய்ச்சல் இருந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத் திணறி உதடு நீலம் பாய்ந்தால் ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். இருமல் அடக்கிகள் பெரிய மாயம் எதுவும் செய்வதில்லை. சாதாரண ஜலதோஷ இருமலில் இவை தரும் பலன் சுமார்தான் என்றே ஆய்வுகள் சொல்கின்றன. இருமல் தானாகத்தான் போகும், மருந்து அதுவரை ஓரிரு இரவு தூங்க உதவலாம். ஒரு மூடி குடித்துக் கேட்கவில்லை என்று இரண்டு மூடி குடிப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இரண்டாவது படி: பாட்டிலைத் திருப்புங்கள்

முன்பக்கத்தில் இருப்பது விளம்பரம். பின்பக்கத்தில் ‘5 மில்லியில் அடங்கியவை’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். எழுத்து தெரியவில்லை என்றால் கைத்தொலைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்குங்கள், மகனையோ பேத்தியையோ படிக்கச் சொல்லுங்கள். அங்கே வரக்கூடிய பெயர்கள் இவை.

டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன்: நாம் தேடும் இருமல் அடக்கி இதுதான். மூளையில் இருமலைத் தூண்டும் இடத்தை மந்தமாக்கும். மருந்தின் பெயரோடு ‘டிஎம்’ என்ற எழுத்துகள் ஒட்டிக்கொண்டு வந்தால் பெரும்பாலும் இதைத்தான் குறிக்கும். சிரப்பாகவும் மாத்திரையாகவும் சப்பும் மிட்டாயாகவும் வரும்.

குளோர்ஃபெனிரமின், டைஃபென்ஹைட்ரமின், புரோமெத்தசின்: இவை ஒவ்வாமைக்கான பழைய மருந்துகள், தூக்கம் வரும். ‘இரவு மருந்து’ என்று விற்பவற்றில் இவை இருக்கும். மூக்கொழுகல் நிற்கும், வாய் காயும். வயதான ஆண்களுக்கு புராஸ்டேட் தொல்லை இருந்தால் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். சிலவகை கண்ணழுத்த நோய்க்கும் ஆகாது. பாட்டி இரவில் கழிவறைக்குத் தள்ளாடிப் போய் விழுவதற்கும் இவை காரணமாகலாம்.

சூடோஎஃபெட்ரின், ஃபினைல்எஃப்ரின்: மூக்கடைப்புக்கு. ரத்த அழுத்தத்தை ஏற்றும், நெஞ்சு படபடக்கும். ரத்த அழுத்தமோ இதய நோயோ இருந்தால் கேட்காமல் தொடாதீர்கள்.

குவைஃபெனெசின், புரோம்ஹெக்சின், அம்ப்ராக்சால், அசிட்டைல்சிஸ்டைன்: சளியை இளக்கி வெளியே கொண்டுவர. இவற்றை இருமல் அடக்கியோடு ஒரே பாட்டிலில் சேர்த்து விற்பதும் உண்டு. ஒரு கை சளியை இளக்கும்போது இன்னொரு கை அதைத் துப்பும் வழியை அடைக்கும் இந்தக் கூட்டு எனக்கு ஒருநாளும் விளங்கியதில்லை.

பாராசிட்டமோல்: காய்ச்சலுக்கும் உடம்புவலிக்கும். ஜலதோஷக் கூட்டு மாத்திரைகளில் இது சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். அதையும் சாப்பிட்டு, தலைவலிக்கென்று பனடோலும் (அதுவும் பாராசிட்டமோல்தான்) இரண்டு போட்டால் கணக்கு இரட்டிப்பாகிவிடும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு. 500 மில்லிகிராம் மாத்திரையில் எட்டு. அதைத் தாண்டினால் பாதிப்பு கல்லீரலுக்கு.

இந்தப் பட்டியலில் நான் பார்த்த தவறுகளில் பாதிக்குமேல் ஒரே மாதிரியானவை: வேறு வேறு பெயரில் ஒரே மருந்தை இரண்டு தடவை சாப்பிடுவது. சொந்த வீட்டுக் கதையே சொல்கிறேன். ஒருநாள் மாலை அம்மா சோபாவில் சாய்ந்தபடி பேச்சுக் குழறக் கிடந்தார். பக்கவாதமோ என்று பதறிப்போனேன். நல்லவேளை, அது இல்லை என்று மருத்துவமனையில் பார்த்துச் சொன்னார்கள். பிறகு சமையலறை மேசையைப் பார்த்தால் கிளினிக்கில் கொடுத்த சிரப், நான் வாங்கிவைத்த ஜலதோஷ மாத்திரை, அத்தை ஊரிலிருந்து கொண்டுவந்த இன்னொரு சிரப். மூன்றின் பின்பக்கத்திலும் குளோர்ஃபெனிரமின். மருந்துக்கடையில் வேலை செய்யும் மகள் வீட்டிலேயே இந்த லட்சணம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு நேரத்துக்கு ஒரே ஒரு ஜலதோஷ மருந்துதான். இரண்டாவதைத் திறக்க வேண்டுமானால் முதலாவதை அலமாரிக்குள் வைக்க வேண்டும்.

கூட்டு மருந்தைவிட ஒற்றை மருந்தே மேல் என்பது என் கட்சி. இருமல் மட்டும் இருந்தால் இருமலுக்கு மட்டும் மருந்து போதும். இல்லாத காய்ச்சலுக்கும் இல்லாத மூக்கடைப்புக்கும் எதற்குச் சேர்த்து விழுங்க வேண்டும்?

நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரை சேர்க்காத சிரப் இருக்கிறதா என்று கேளுங்கள், கிடைக்கும். பெய் பா கோவா மாதிரியான தேன் பாகுகளிலும் சர்க்கரை உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாவது படி: யாருக்கு ஆகாது?

குழந்தைகளிலிருந்து தொடங்குவோம். 2 வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்குக் கடையில் வாங்கும் இருமல், ஜலதோஷ மருந்து வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2008இல் எச்சரித்தது. பிரிட்டன் 2009இல் அந்த வரம்பை 6 வயது என்று வைத்தது. நான் பிரிட்டன் பக்கம். 6 வயதுக்குக் கீழ் என்றால் மருத்துவர் பார்த்துக் கொடுப்பது மட்டும்தான். அண்ணனுக்குக் கொடுத்த சிரப்பில் மிச்சம் இருக்கிறதே, தம்பிக்கு அரை மூடி ஊற்றுவோம் என்ற பழக்கத்தை விடுங்கள். சப்பும் மிட்டாயும் சிறுபிள்ளைகளுக்குத் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

அடுத்தது மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மாத்திரை எடுப்பவர்கள். கொஞ்சம் நின்று படியுங்கள். ஃபுளுவாக்செட்டின், பாராக்செட்டின், செர்ட்ரலின், எஸ்சிட்டலோப்ராம் போன்றவற்றோடு டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் சேர்ந்தால் உடம்பில் செரட்டோனின் அளவு மீறிப் போகலாம். கை நடுக்கம், வியர்த்துக் கொட்டுவது, இதயப் படபடப்பு, காய்ச்சல், தசை இறுக்கம், நிலைகொள்ளாத தவிப்பு எல்லாம் அதன் அறிகுறிகள். மோசமானால் உயிருக்கே ஆபத்து. டிரமடால் என்ற வலி மாத்திரைக்கும், லினசோலிட் என்ற நுண்ணுயிர்க்கொல்லிக்கும் இதே எச்சரிக்கை. எம்ஏஓ தடுப்பான்கள் என்ற பழைய வகை மனச்சோர்வு மருந்து எடுத்திருந்தால், அதை நிறுத்தி 14 நாள் ஆகும்வரை டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் பக்கமே போகக்கூடாது.

சிக்கல் என்னவென்றால், நம் ஆட்கள் இதை முகப்பில் சொல்ல மாட்டார்கள். பின்னால் வரிசையில் பக்கத்து பிளாக் ஆன்ட்டி நிற்பார். ஒரு பையன் “வேற மருந்து எதுவும் இல்லக்கா” என்று சொல்லிவிட்டுப் போய், பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து, கைத்தொலைபேசித் திரையை மட்டும் என் பக்கம் திருப்பினான். செர்ட்ரலின் என்று தட்டச்சு செய்திருந்தான். மருந்தாளரும் வாய் திறக்காமல் படித்துவிட்டு, பாட்டிலை எடுத்துவிட்டு வேறொன்றைக் கொடுத்தார். அருமையான யோசனை அது. நீங்களும் செய்யலாம், வரிசையில் நிற்கும் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

வாகனம் ஓட்டுபவர், கட்டுமானத் தளத்தில் உயரத்தில் நிற்பவர், போர்க்லிஃப்ட் ஓட்டுபவர் யாராக இருந்தாலும் தூக்கம் வரவைக்கும் மருந்தை வேலை நாளில் எடுக்காதீர்கள். டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனும் சிலருக்குத் தலைசுற்றலைத் தரும், முதல் முறை குடிப்பதென்றால் வீட்டில் இருக்கும்போது குடித்துப் பாருங்கள். மதுவோடு எதுவும் வேண்டாம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் வாங்காதீர்கள்.

நான்காவது படி: எங்கே, எப்படி வாங்குவது

சிங்கப்பூரில் மருந்துகள் மூன்று வகை. எந்தக் கடையிலும் எடுத்துக்கொள்ளக்கூடிய பொது விற்பனை மருந்துகள் ஒன்று. மருந்தாளர் பார்த்துக் கொடுக்க வேண்டியவை இரண்டாவது. மருத்துவர் எழுதிக் கொடுத்தால்தான் என்பது மூன்றாவது. தொண்டை மிட்டாய், மூலிகைப் பாகு எல்லாம் பேரங்காடியிலேயே கிடைக்கும். இருமலை உண்மையாகவே அடக்கும் மருந்துக்கு மருந்தாளர் இருக்கும் முகப்புக்குப் போங்கள். கார்டியன், வாட்சன்ஸ், யூனிட்டி என்று பெயர்ப்பலகை இருப்பதாலேயே உள்ளே மருந்தாளர் இருப்பார் என்று நினைக்காதீர்கள். எல்லாக் கிளைகளிலும், எல்லா நேரத்திலும் இருக்க மாட்டார். இரவு எட்டு மணிக்கு ஓடிப்போய் ஏமாறுவதைவிட ஒரு போன் செய்துவிட்டுப் போகலாம்.

மருந்தாளர் உங்கள் பெயர், வயது, யாருக்கு, எத்தனை நாளாக என்று கேட்டுக் குறித்துக்கொள்வார். துருவித் துருவிக் கேட்கிறாரே என்று கோபப்படாதீர்கள், அது அவர் வேலை. நீங்களே முந்திக்கொண்டு சொன்னால் இரண்டு நிமிடத்தில் முடியும்: “அம்மாவுக்கு, வயசு 68, நாலு நாளா வறட்டு இருமல், காய்ச்சல் இல்ல, பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுறாங்க.” மாத்திரைப் பெயர்களின் படமும் கையில் இருந்தால் வேலை இன்னும் சுலபம்.

கோடீன் கலந்த சிரப் தனிக் கதை. அது அபின் குடும்பம். பழக்கமாகிவிடும், மூச்சை மந்தமாக்கும். சிலர் உடம்பு கோடீனை வேகவேகமாக மார்ஃபீனாக மாற்றிவிடும், அவர்களுக்குச் சாதாரண அளவே விஷம். 12 வயதுக்குக் கீழே கூடவே கூடாது, பாலூட்டும் தாய்க்கும் கூடாது. இதற்குச் சிங்கப்பூரில் கடுமையான கட்டுப்பாடு உண்டு. சந்தில் நின்று விற்பவர்களை எச்எஸ்ஏ எனப்படும் சுகாதார அறிவியல் ஆணையம் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்தியிருக்கிறது. யாராவது லேபிள் இல்லாத பாட்டிலில் ‘ஸ்ட்ராங்கான இருமல் மருந்து’ என்று நீட்டினால் நடையைக் கட்டுங்கள்.

ஊரிலிருந்து வரும் சிரப் பற்றிப் பேசாமல் தமிழர்களுக்கு இருமல் வழிகாட்டி எழுத முடியாது. பெட்டியில் ஊறுகாய்க்கும் இட்லிப் பொடிக்கும் நடுவில் நான்கு பாட்டில் வரும், “அங்க நூறு ரூவாதான்” என்ற விளக்கத்தோடு. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் என்ன நடந்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் என்ற சிரப்பைக் குடித்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது அதில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. தொழிற்சாலைகளில் பயன்படும் ரசாயனம் அது, மருந்தில் 0.1 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. சிரப்புக்கு இனிப்பும் பிசுபிசுப்பும் தரச் சேர்க்கும் திரவங்கள் தரமற்றவையாகவோ கலப்படமாகவோ இருந்தால் இந்த விஷம் உள்ளே வந்துவிடுகிறது. 2022இல் காம்பியாவில் எழுபது குழந்தைகள் வரை இறந்ததும் இதே வகைக் கலப்படத்தில்தான். பார்த்தோ முகர்ந்தோ ருசித்தோ கண்டுபிடிக்க முடியாது.

ஊர் மருந்தெல்லாம் நஞ்சு என்று நான் சொல்லவில்லை. நல்ல நிறுவனங்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் இங்கே பதிவான மருந்தின் பெட்டியில் எஸ், ஐ, என் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் பதிவு எண் இருக்கும். ஆணையம் அந்த மருந்தைப் பரிசீலித்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். குழந்தைக்குக் கொடுப்பதாக இருந்தால் அந்த எண் இல்லாத சிரப் எங்கள் வீட்டுக்குள் நுழையாது. சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவுவரை மருந்து கொண்டுவரலாம் என்பது பொது விதி. கோடீன் போன்ற கட்டுப்படுத்தப்பட்ட பொருள் கலந்தவற்றுக்கு விதி வேறு. விமானம் ஏறுமுன் ஆணையத்தின் இணையத்தளத்தில் பார்த்துவிடுங்கள்.

பழைய பாட்டிலில் ஃபோல்கோடின் என்ற இருமல் அடக்கியின் பெயர் கண்ணில் பட்டால் குடிக்காதீர்கள். அறுவை சிகிச்சையில் மயக்கத்தோடு கொடுக்கும் தசைத் தளர்த்திகள் கடும் ஒவ்வாமையைத் தூண்டும் ஆபத்தை இது கூட்டுகிறது என்று 2022 டிசம்பரில் ஐரோப்பிய மருந்து முகமையின் பாதுகாப்புக் குழு இதைச் சந்தையிலிருந்து நீக்கப் பரிந்துரைத்தது. 2023இல் ஆஸ்திரேலியாவும் பிரிட்டனும் திரும்பப் பெற்றன. கடந்த ஓராண்டுக்குள் குடித்திருந்து, அறுவை சிகிச்சைக்கும் நாள் குறித்திருந்தால், மயக்க மருந்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஐந்தாவது படி: அளந்து குடியுங்கள்

“ரெண்டு ஸ்பூன்” என்பது ஓர் அளவே இல்லை. ஒருநாள் ஊசியில்லாத சிரிஞ்சை வைத்து எங்கள் வீட்டுக் கரண்டிகளை அளந்து பார்த்தேன். காப்பிக் கரண்டி மூன்றரை மில்லி பிடித்தது, பாயசக் கரண்டி எட்டு மில்லி. இரண்டையுமே அம்மா ‘டீஸ்பூன்’ என்றுதான் சொல்வார். பாட்டிலோடு வரும் கோடு போட்ட மூடியையோ, முகப்பில் கேட்டால் கிடைக்கும் சிரிஞ்சையோ பயன்படுத்துங்கள். மூடியை மேசையில் வைத்து, குனிந்து கண்ணுக்கு நேராகக் கோட்டைப் பாருங்கள்.

இப்போது கணக்கு. டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 20 மில்லிகிராம், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. அல்லது 30 மில்லிகிராம், ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. 24 மணி நேரத்தில் 120 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. பாட்டிலில் 5 மில்லிக்கு 15 மில்லிகிராம் என்று போட்டிருந்தால், 10 மில்லி குடித்தால் 30 மில்லிகிராம் ஆயிற்று. ஒரு நாளைக்கு நான்கு முறை குடித்தால் 40 மில்லி, அதாவது 120 மில்லிகிராம், உச்சத்தைத் தொட்டாயிற்று. இடையில் அதே மருந்து உள்ள மிட்டாயைச் சப்பினால் வரம்பு தாண்டிவிடும். இன்னொரு பாட்டிலில் 5 மில்லிக்கு 10 மில்லிகிராம்தான் இருக்கும். அதனால் மில்லியை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள், ஒவ்வொரு பாட்டிலுக்கும் புதிதாகக் கணக்குப் போடுங்கள். லேபிளில் இதைவிடக் குறைவாகச் சொல்லியிருந்தால் லேபிள் சொல்வதுதான் சரி.

குடித்த நேரத்தைப் பாட்டிலிலேயே ஒரு துண்டு டேப் ஒட்டி எழுதுங்கள். வீட்டில் கணவர் ஒருமுறை, பணிப்பெண் ஒருமுறை, நீங்கள் ஒருமுறை என்று பாட்டிக்கு மூன்று பேரும் மருந்து கொடுத்துவிடும் கூத்து நிறைய வீடுகளில் நடக்கிறது.

ஆறாவது படி: கைவைத்தியத்தையும் கணக்கில் சேர்த்தல்

தேன் நல்லது, பல இடங்களில் மருத்துவர்களே சொல்கிறார்கள். ஒரு வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்கு மட்டும் ஒரு துளிகூடக் கூடாது. போட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம். மிளகு, மஞ்சள் போட்ட பாலும் பனங்கற்கண்டும் தொண்டைக்கு இதமாக இருக்கும், அதில் எனக்குச் சண்டை இல்லை. அதிமதுரம் விஷயத்தில் மட்டும் கவனம். தேக்கா நாட்டுமருந்துக் கடையில் வாங்கி நாள்தோறும் வாரக்கணக்கில் மென்றால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

ஆவி பிடிக்கக் கொதிக்கும் குண்டானைத் தரையில் வைத்துப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். தட்டிவிட்டால் தோல் வெந்துபோகும். கற்பூரம் கலந்த தைலம் 2 வயதுக்குக் கீழ் வேண்டாம்.

ஏழாவது படி: எப்போது நிறுத்துவது

ஒரு வாரம் குடித்தும் இருமல் அப்படியே இருந்தால் இன்னொரு பாட்டில் வாங்காதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். இடையில் தோல் தடித்தால், முகமோ உதடோ வீங்கினால் அந்த நிமிடமே நிறுத்திவிட்டு உதவி தேடுங்கள். அளவு மீறிக் குடித்தவர் உளறுவார், தள்ளாடுவார், கண் கட்டுப்பாடில்லாமல் ஆடும், இல்லாததெல்லாம் தெரியும், மூச்சு மெதுவாகும். பிள்ளை பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டாலோ, யாராவது இந்த நிலையில் இருந்தாலோ வாந்தி எடுக்க வைக்க முயற்சி செய்யாதீர்கள். 995ஐ அழையுங்கள், அல்லது அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள். அங்கே முதலில் கேட்பது, என்ன மருந்து, எவ்வளவு என்பதைத்தான்.

வீட்டில் பதின்ம வயதுப் பிள்ளைகள் இருந்தால் இன்னொன்று: போதைக்காகவும் இந்த மருந்தைக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். பாட்டில் காரணமில்லாமல் காலியாகிறதா என்று ஒரு கண் வையுங்கள்.

கடைசிப் படி: மிச்சமான பாட்டில்

நம் ஊர் வெயிலில் காருக்குள் வைத்த மருந்து அவ்வளவுதான். அடுப்புக்கு மேலுள்ள அலமாரியும் வேண்டாம், அங்கேதான் சூடு அதிகம். படுக்கையறையில், பிள்ளைகள் கைக்கு எட்டாத தட்டில் வையுங்கள். திறந்த தேதியை மூடிமேல் எழுதுங்கள். திறந்தபின் எத்தனை நாள் வைக்கலாம் என்று லேபிளில் பாருங்கள், பெட்டியிலுள்ள காலாவதித் தேதி திறக்காத பாட்டிலுக்கானது. கிளினிக்கில் சின்ன பாட்டிலில் ஊற்றித் தந்ததை அடுத்த இருமலுக்கென்று சேர்த்து வைக்க வேண்டாம்.

வீசும்போது கைகழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள். ஒரு ஜிப் பையில் வடிகட்டிய தேயிலைச் சக்கையையோ காப்பித் தூளையோ போட்டு, அதன்மேல் சிரப்பை ஊற்றிப் பிசைந்து, பையை மூடிக் குப்பைச் சரிவில் போடுங்கள். காலிப் பாட்டிலின் லேபிளில் உங்கள் பெயர் இருந்தால் கிழித்துவிட்டு வீசுங்கள்.